நெற்றிப் பள்ளம்

பிரேயஸ்
1953 மார்ச் 12

அன்புத் தங்கை ஸ்தமாதியாவுக்கு,

அக்கா எவாந்தியாவின் முத்தங்கள். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். எனக்கு மட்டும் இந்தத் துறைமுகக் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது. அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து தீர்ந்திருந்தால் எழுது, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கோஸ்மாஸ் மாமா கடிதம் போட்டிருந்தார். ஊர்த்தலைவர் ஆனதிலிருந்து அவர் கையெழுத்துகூடப் பெரிதாகிவிட்டது. ஒரு பக்கத்துக்குச் சில வரிகள்தான் பிடிக்கின்றன. ஆனால் விஷயம் நல்ல விஷயம். உள்நாட்டுப் போரில் செத்த நம் ஊர்ச் சிப்பாய்களுக்குச் சதுக்கத்தில் பளிங்கு நினைவுச்சின்னம் எழுப்புகிறார்கள். நம் ஸ்தெர்யோஸின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, கழுவி, அதற்குள் வைக்கப்போகிறார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு விழா. மாவட்ட ஆட்சியர் வருகிறார், பட்டாளத்து பேண்டும் வருகிறது. அவன் மண்ணுக்குள் போய் நாலு வருஷம் ஆகப்போகிறதே, எப்படியும் நம் வழக்கப்படி தோண்டி எலும்பைக் கழுவவேண்டிய காலம்தான்.

இன்னொன்று. உன் அத்தான் பெரிக்லிஸுக்குப் பதவி உயர்வு வந்து வாசலில் நிற்கிறது. குடும்பத்தில் கம்யூனிஸ்ட், சிவப்புக்காரர் யாரும் இல்லை என்று ஊர்த்தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டுமாம். மாமா தருவதாகச் சொல்லிவிட்டார். மனைவிக்குத் தம்பி ஒருவன், அவன் நாட்டுக்காக உயிர்விட்டவன் என்று எழுதுவார். மற்றவனைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டார். நீயும் வாயைத் திறக்காதே.

எலும்பைச் சுற்ற வெள்ளைத் துணி நான் கொண்டுவருகிறேன். கழுவுவதற்கு நல்ல சிவப்பு ஒயினாக ஒரு குடுவை நீ எடுத்து வை. அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா
எவாந்தியா

---

மவ்ரோலிதி
மார்ச் 29

அக்காவுக்கு,

அம்மாவும் நானும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். மருந்து இருக்கிறது, பார்வைதான் இல்லை. வருகிறவர்களைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாள். உன் தொண்டைக்கு மலைத் தேயிலை ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன், தேன் விட்டுக் குடி. அத்தானுக்கு வணக்கம்.

தோண்டுகிற விஷயம். இந்த வருஷம் வேண்டாம் அக்கா. மயானத்தில் அந்த மூலை முழுக்கக் களிமண், தண்ணீர் வடிவதில்லை. தோமாஸின் விதவை அவசரப்பட்டுத் தோண்டினாளே, நினைவிருக்கிறதா? ஆள் கரையாமல் அப்படியே கிடந்தார். என்ன பாவம் செய்த உடம்போ, மண்ணே ஏற்கமாட்டேன் என்கிறது என்று ஊரே பேசியது. ஆட்சியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது நமக்கும் அப்படி ஆனால்? இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று மாமாவுக்கு நீயே எழுது. நான் சொன்னால் அவருக்குக் காது கேட்பதில்லை.

போர்க்காலத்தில் பட்டாளத்தோடு வந்து ஊரை ஆண்ட மேஜர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர் காப்பிக்கடைக் கதவில் ஒட்டிய அறிவிப்பு மட்டும் போகவில்லை. மாமா அதற்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். கொள்ளைக்கூட்டத்தானை, அதாவது மலைக்குப் போன சிவப்புக்காரனைப் புதைக்கக் கூடாது, அவனுக்கு அழக் கூடாது, கறுப்பு கட்டக் கூடாது, செத்தவனுக்கென்று கோதுமை அவித்துப் படைக்கக் கூடாது. காப்பித்தூள் வாங்கப் போகும்போதெல்லாம் படித்துவிட்டு வருகிறேன். அம்மா ஒப்பாரி வைக்கும்போது ஸ்தெர்யோஸ் பெயரைச் சொல்லி முடித்து, அடுத்த பெயருக்கு வாயெடுத்து, அப்படியே மென்று விழுங்கிவிடுகிறாள்.

"மற்றவன்" என்று எழுதியிருந்தாய். அவனுக்கு லாம்ப்ரோஸ் என்று பெயர். நீதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்தமாதியா

---

பிரேயஸ்
ஏப்ரல் 20

தங்கைக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். உயிர்ப்புத் திருநாளுக்கு ஒரு வாழ்த்து வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. தேயிலை வந்தது, தொண்டை பரவாயில்லை. அத்தானுக்கு வேலைக் கவலையில் தூக்கம் இல்லை. அம்மாவுக்கு இரண்டு ஜோடிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

களிமண் என்று கதை சொல்லாதே. மாமாவுக்கு எழுதிக் கேட்டேன். அதே மூலையில் போன வருஷம் இரண்டு பேரைத் தோண்டினார்களாம், எலும்பு வெள்ளை வெளேரென்று இருந்ததாம். உனக்கு ஸ்தெர்யோஸுக்கு மரியாதை செய்ய மனமில்லை, அவ்வளவுதான். அவன் அரசாங்கச் சீருடை போட்டுச் செத்தான், அது உனக்கு ஆகவில்லை. உனக்கு எப்போதும் சின்னவன்தான். அந்தச் சின்னவன் மலைக்குப் போய்த் துப்பாக்கி தூக்கியதால் இந்தக் குடும்பம் பட்டது போதாதா? ஆறு அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நீதானே எழுதினாய்? போனவன் போய்விட்டான். மண்ணில் எலும்பாவது இருக்கிற தம்பிக்கு ஒரு கல் நிற்கட்டும்.

எனக்கும் இரண்டு பேரும் தம்பிதான். நான் அழுவது உன் காதில் விழுவதில்லை என்பதால் நான் அழவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டில் போலீஸ்காரர் இருக்கிறார்.

ஆகஸ்டில் வருகிறோம். ஒயினை எடுத்து வை.

எவாந்தியா

---

மவ்ரோலிதி
மே 17

என் அக்கா,

சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மா காலுறையை மடியிலேயே வைத்துக்கொண்டு தடவிப் பார்க்கிறாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, பஸ் டிரைவர் கையிலேயே தருகிறேன். தனியாக இருக்கும்போது படி.

அன்று நான் உனக்கு எழுதியது பொய். ஆறு அவனை அடித்துக்கொண்டு போகவில்லை.

லாம்ப்ரோஸைச் சுட்டுக் கொண்டுவந்து கதிரடிக்கிற களத்தில் போட்டார்கள். நாயும் காக்கையும் தின்னட்டும் என்று உத்தரவு. மேஜர் பொறுப்பை மாமாவிடம் கொடுத்துவிட்டு மலைக்குச் சண்டைக்குப் போனார். நான் மாமா காலைப் பிடித்தேன். தன் தோளில் தூக்கிச் சந்தைக்குக் கூட்டிப்போன பிள்ளை, மனம் இளகும் என்று நினைத்தேன். அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. "சட்டம் என்னோடது இல்லடி. ஒருத்தனுக்கு இரங்கினா நாளைக்கு ஊரையே கொளுத்திட்டுப் போவாங்க. உங்கம்மாகிட்ட சொல்லு, அவளுக்கு இன்னொரு மகன் இருந்தான், அவனுக்கு அழச் சொல்லு." அது உண்மையாகவும் இருக்கலாம், கொளுத்தியிருப்பார்கள். ஆனால் அவர் கண்ணில் பயம் மட்டும் இல்லை அக்கா. நாற்காலி கிடைத்த சந்தோஷமும் இருந்தது.

மாதா திருநாளன்று ஊர் முழுக்க மடத்துக்குப் போயிற்று. களத்துக் காவலாளும் ஆட்டுக்கறிக்குப் போய்விட்டான். பட்டப்பகலில் கழுதையை ஓட்டிக்கொண்டு போனேன். எங்கே புதுக்குழி வெட்டினாலும் தெரிந்துவிடும். ஊரில் புதுமண் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஸ்தெர்யோஸைப் புதைத்தோமே, அங்கே.

அதைத்தான் திறந்தேன். பட்டாளக் கம்பளியில் தைத்துக் கொண்டுவந்து, யாரையும் பார்க்கவிடாமல் புதைத்தார்களே, நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். குண்டு விழுந்ததில் அண்ணனின் தலை பாதி இல்லை. லாம்ப்ரோஸ் முகம் அப்படியே இருந்தது. சின்னதில் கழுதை உதைத்த நெற்றிப் பள்ளத்தில் மண் அப்பியிருந்தது, தலைத்துணியால் துடைத்தேன். இரண்டு பேரையும் ஒரே கம்பளியில் படுக்கவைத்தேன். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்து, இழுத்துக்கொண்டு சண்டை போடுவார்களே, அப்படி.

களத்தில் உடம்பைக் காணோம் என்றதும், யாரோ ஆற்றில் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அம்மாவுக்குத் தெரியாது. ஒப்பாரியில் வாய்விட்டுச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து சொல்லவில்லை.

இப்போது புரிகிறதா, ஏன் தோண்டவேண்டாம் என்றேன்? திறந்தால் இரண்டு தலை இருக்கும். லாம்ப்ரோஸைத் தூக்கி எறிவார்கள். என்னைக் கைதிகளை வைக்கும் தீவுக்கு அனுப்புவார்கள், அது போகட்டும். நீ ஜூலையிலேயே அம்மாவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வா. பெண்கள் தோண்டிக் கழுவுவதுதானே நம் வழக்கம், யாரும் கேட்கமாட்டார்கள். நாம் இருவரும் முன்னதாகவே திறந்து லாம்ப்ரோஸைத் தனியே எடுத்துவிடுவோம். ஒருத்தி தோண்டினால் ஒருத்தி வழியில் நிற்கவேண்டும். எனக்கு வேறு யாரும் இல்லை.

உன் தங்கை
ஸ்தமாதியா

---

மவ்ரோலிதி
ஜூன் 28

அக்கா,

சுகமா? நானும் அம்மாவும் அப்படியேதான் இருக்கிறோம். கடிதத்தை உன் கையில்தான் கொடுத்தேன் என்று டிரைவர் சிலுவை போட்டுச் சத்தியம் செய்கிறார். நீ அங்கேயே நின்று பிரித்தாயாம், முகம் வெளுத்ததாம். சில்லறைகூட வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போனாயாம்.

வருகிறாயா என்று ஒரு வார்த்தை எழுது. பஸ் வரும் நாளெல்லாம் சதுக்கத்தில் போய் நிற்கிறேன். கல்தச்சர்கள் பளிங்கை இறக்கிவிட்டார்கள்.

ஸ்தமாதியா

---

பிரேயஸ்
ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். வெயில் தாங்கமுடியவில்லை. உன் கடிதம் கிடைத்தது, அடுப்பில் போட்டுவிட்டேன். இனி அப்படி எழுதாதே.

ஜூலையில் வர முடியாது, அத்தானுக்கு லீவு இல்லை. நீ எதையும் தொடாதே. மயானத்துப் பக்கமே போகாதே. எல்லாம் சத்தமில்லாமல் நல்லபடியாக முடியும், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு ஒரு கெடுதலும் வராது, அதற்கு நான் பொறுப்பு.

துணி வாங்கிவிட்டேன், நல்ல லினன். அம்மாவுக்கு முத்தம்.

எவாந்தியா

---

மவ்ரோலிதி
ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

நேற்று மாமா கோயில்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மயானத்துக்கு வந்தார். பெண்கள் ஒருத்தியும் கூடாது என்று கதவில் ஆள் நிறுத்தினார். நான் சுவரேறிக் குதித்தேன். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. குழிக்குள் இரண்டு தலை தெரிந்தபோதும் அவர் ஆச்சரியப்படவில்லை. கோயில்பிள்ளைதான் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினான்.

மாமா இரண்டு தலையையும் வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்று முழுசு, ஒன்று உடைந்தது. "உடஞ்சதுதான் கொள்ளைக்காரன், நம்ம பசங்க அடிச்ச அடி அப்படி" என்றார். முழுத் தலையோடு கை கொண்ட மட்டும் எலும்பை அள்ளி மரப்பெட்டியில் வைத்தார். உடைந்ததையும் மிச்சத்தையும் கோணியில் போட்டுச் சுண்ணாம்புச் சூளைக்குக் கீழே பள்ளத்தில் கொட்டச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, நடந்ததை மறந்துவிடு, நானும் மறந்துவிட்டேன், உன் அக்கா முகத்துக்காக விடுகிறேன் என்றார்.

உன் முகத்துக்காக. அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அம்மாவுக்கே தெரியாத விஷயம் அது.

அவர் எந்தத் தலையை எடுத்தார் என்பது குறித்து நான் வாயே திறக்கவில்லை. ஏன் என்று நீ வந்து முத்தமிடும்போது உனக்கே தெரியும்.

ஒயின் எடுத்து வைத்திருக்கிறேன். சுகமாக வந்து சேர்.

ஸ்தமாதியா

---

பிரேயஸ்
செப்டம்பர் 3

ஸ்தமாதியாவுக்கு,

இந்தக் கடிதத்தை யானினா சிறைக்கு எழுதும்படி வைத்துவிட்டாயே. உடம்பு எப்படி இருக்கிறது? கம்பளி கொடுத்தார்களா? அம்மாவைப் பக்கத்து வீட்டு எலெங்கோ பார்த்துக்கொள்கிறாள், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

எல்லாம் எவ்வளவு நன்றாக நடந்துகொண்டிருந்தது. ஆட்சியர் சல்யூட் வைத்தார், பேண்டு வாசித்தது, நான் ஒயினால் கழுவி முத்தமிட்டேன், பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அம்மாதான் நடுவில் தலையை வாங்கி நெற்றியைத் தடவிவிட்டு, "என் கடைக்குட்டி, வந்துட்டியாடா" என்று சொல்லிவிட்டாள். நல்லவேளை, கிழவிக்குக் கண்ணும் இல்லை நினைவும் இல்லை என்று மாமா சமாளித்தார்.

அதோடு முடிந்திருக்கும். எல்லோரும் சதுக்கத்தில் கறி தின்றுகொண்டிருந்த நேரத்தில் நீ ஏன் அந்தப் பள்ளத்துக்கு இறங்கினாய்? கோணியைப் பொறுக்கி, கழுவி, சிலுவை நட்டு, அவித்த கோதுமை வேறு வைத்தாயாமே. வயல்காவலர் விசில் ஊதியபோது ஆட்சியர் கையில் கோப்பையோடு நின்றார். மாமாவுக்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று. இப்போது அந்தக் கோணி போலீஸ் ஸ்டேஷனில், சாட்சிப் பொருள் என்று சீட்டுக் கட்டித் தொங்குகிறது.

அத்தானின் சான்றிதழ் நின்றுபோயிற்று. அவர் என்னோடு பேசுவதில்லை. வருத்தம் தெரிவிக்கும் பத்திரம் ஒன்று இருக்கிறதாம், கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். போட்டுவிட்டு வந்துவிடு. எனக்காக.

எவாந்தியா

---

யானினா சிறை
அக்டோபர் 11

அக்கா,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. இருமல் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. விடுதலையாகிப் போகிற ஒரு பெண் தன் பாவாடை மடிப்பில் வைத்து இதைக் கொண்டுவருகிறாள். அவளுக்குச் சாப்பாடு போடு.

ஒரு வருஷம் தீவு என்று தீர்ப்பாகிவிட்டது. கப்பலுக்குக் காத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை அந்தப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். "கொள்ளைக்கூட்டத்தானைப் புதைத்தேன், அதற்கு வருந்துகிறேன்." நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? நான் புதைத்தவனுக்கு அரசாங்கம் மெடல் கொடுத்திருக்கிறதே.

உனக்குத் தெரியாததுபோல் எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன். மாமா பள்ளத்தில் கொட்டியது ஸ்தெர்யோஸை. பளிங்குக்குள் வைத்தது லாம்ப்ரோஸை. ஆட்சியர் சல்யூட் அடித்தது, பேண்டு வாசித்தது, எல்லாம் நம் சின்னவனுக்கு. அவனுக்கு அதைப் பார்த்துச் சிரிக்க வாய் இல்லாமல் போயிற்று.

அண்ணனை மட்டும் நாய்க்கு விட முடியுமா? எனக்கு எப்போதும் சின்னவன்தான் என்று எழுதினாயே. அன்று தம்பிக்கு என்ன செய்தேனோ அதையேதான் அண்ணனுக்கும் செய்தேன். அதே வேலை, அதே சட்டம்.

விசாரணையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள். பளிங்கைத் திறந்து லாம்ப்ரோஸை வெளியே எடுத்து வீசியிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஒன்றும் பெரிசில்லை. திரும்பி வந்து ஸ்டேஷனில் தொங்கும் அண்ணனை எப்படியாவது கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எலெங்கோ எழுதியிருந்தாள், அம்மா தினமும் பளிங்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கன்னத்தை வைத்துக்கொள்கிறாளாம், நாலு வருஷத்தில் இப்போதுதான் வயிறாரச் சாப்பிடுகிறாளாம். அது போதும்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ முத்தமிட்டபோது நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். உதடு நெற்றியில் பட்டதும் நீ ஒரு நொடி அப்படியே நின்றாய். அந்தக் கழுதை உதைத்த அன்றைக்குக் காயத்தில் காப்பித்தூளை அப்பி, கையால் அழுத்திக்கொண்டே பாதிரியார் வீடு வரை ஓடியவள் நீ. உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஸ்தமாதியா

---

பிரேயஸ்
நவம்பர் 8

என் கண்ணே ஸ்தமாதியா,

உன் இருமல் எப்படி இருக்கிறது? அந்தப் பெண் வந்தாள், இரண்டு நாள் தங்கவைத்து அனுப்பினேன். கடிதத்தைப் படித்துவிட்டு நான் வாய்விட்டு அழுதேன், சுவர் மெல்லிசாக இருந்தால் இருக்கட்டும் என்று அழுதேன்.

தெரிந்தது. உதட்டில் பள்ளம் பட்டதுமே தெரிந்தது. இப்போதும் தண்ணீர் குடிக்கக் கோப்பையை வாயில் வைத்தால் அதுதான் படுகிறது. மாமாவிடம் முதலில் சொன்னதும் நான்தான். அத்தானுக்காகச் சொன்னேன், உனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சத்தியம் செய்ததை நம்பிச் சொன்னேன்.

அந்தக் குளிரில் நீ செய்யாத குற்றத்துக்குத் தீவில் கிடப்பாய், நான் இங்கே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஊருக்கே போனேன் ஸ்தமாதியா. அத்தானிடம் கேட்காமல் போனேன். மாமா முன்னால் நின்று, என் தங்கை கொள்ளைக்காரனைப் புதைக்கவில்லை, உங்கள் வீரனைத்தான் புதைத்தாள், நெற்றியைத் தடவிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். ஆட்சியர் காதுக்குப் போனால் தன் நாற்காலியே போய்விடும் என்று நடுங்கிவிட்டார். தவறுதலாக நடந்தது என்று உனக்குத் தீர்ப்பு சொன்ன குழுவுக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

கப்பல் ஏறமாட்டாய். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பாய். வாழ்க்கையில் முதல்தடவையாக உனக்காக ஒன்று செய்திருக்கிறேன். என்னை மன்னித்தேன் என்று எழுது.

உன் அக்கா
எவாந்தியா

---

மவ்ரோலிதி
டிசம்பர் 6

எவாந்தியாவுக்கு,

நலம் கேட்டிருந்தாய். நலம். இருமல் நின்றுவிட்டது. விட்டுவிட்டார்கள், வந்துவிட்டேன்.

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டது. மாமா ஸ்டேஷனிலிருந்து கோணியை வாங்கி, பளிங்கைத் திறந்து, உடைந்த தலையை உள்ளே வைத்தார். முழுத் தலையைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் பாலத்துக்குப் போனார். வயல்காவலர் பார்த்திருக்கிறார். மழை பெய்து ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்த நேரம். இந்தத் தடவை பள்ளத்தில் கொட்டவில்லை. பொறுக்கியெடுக்க நான் ஒருத்தி இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

ஆறு அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று உனக்கு ஒரு பொய் எழுதினேன். அந்தப் பொய்யை மாமா உண்மையாக்கிவிட்டார்.

பயந்து ஒருமுறை சொன்னாய், அண்ணன் பள்ளத்துக்குப் போனான். பாசத்தில் ஒருமுறை சொன்னாய், தம்பி ஆற்றுக்குப் போனான். மேஜருடைய அறிவிப்பு இத்தனை வருஷத்தில் செய்யாததை நீ இரண்டு தடவை வாயைத் திறந்து செய்துவிட்டாய். மன்னிக்கச் சொல்கிறாய். உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத உன் தொண்டைக்கு எப்படி இருக்கிறதோ என்று வருகிறது. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு இல்லை.

நேற்றுக் கோதுமை அவித்தேன். எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் பாலத்தில் நின்று தண்ணீரில் போட்டேன். காப்பிக்கடையிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். யாரும் விசில் ஊதவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் இன்னும் தினமும் போய்ப் பளிங்கில் கன்னத்தை வைத்து, கடைக்குட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். முதலில் தடுக்க நினைத்தேன். பிறகு கோயில்பிள்ளை என் பின்னால் வந்து ஒன்று சொன்னான். அன்று குழியிலிருந்து அள்ளும்போது எந்தக் கை யாருடையது, எந்த விலா யாருடையது என்று மாமாவுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இப்போது கோணியில் இருந்ததையும் பளிங்கில் இருந்ததையும் ஒன்றாகவே கொட்டி மூடினார்களாம். மாமாவால் பிரிக்க முடிந்தது தலையை மட்டும்தான். மற்றபடி இரண்டு பேரும் உள்ளே ஒரே போர்வைக்குள்தான் கிடக்கிறார்கள்.

இதையாவது யாரிடமும் சொல்லிவிடாதே, அக்கா.

ஸ்தமாதியா